ஃபுல் சிக்னல் இருந்தும் நெட் ஏன் நகரவில்லை?

எங்கள் வீடு தஞ்சாவூரில் இருக்கிறது. கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மாடியில் இரண்டு அறைகள். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வாசல் பக்கம் இருந்த ஒற்றை ரூட்டரின் சிக்னல் மாடி வரை ஏறாததால், மூன்று பெட்டிகள் தங்களுக்குள் இணைந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் வைஃபை வாங்கி வைத்தோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் மாலை மகள் மாடியிலிருந்து கூப்பிட்டாள்: "அப்பா, சிக்னல் ஃபுல்லா இருக்கு. கிளாஸ் வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு."

ஏறிப் போய்ப் பார்த்தேன். மெஷ் பெட்டி மேஜை மேல் இருக்கிறது; அவளுடைய போன் அதிலிருந்து இரண்டடி தூரத்தில். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 31 எம்பிபிஎஸ். போனில் வைஃபையை அணைத்து மறுபடி போட்டேன்: 190. சரி, தீர்ந்தது என்று இறங்கி வந்தேன். நான்கைந்து நாளில் மீண்டும் அதே தொல்லை. இந்த முறை ஹாலில் இருக்கும் டிவியும் சேர்ந்துகொண்டது. கரன்ட் போய்த் திரும்பிய நாட்களில்தான் இப்படி ஆகிறது என்று பிடிபட ஒரு மாதம் ஆனது.

இந்த அனுபவம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. மெஷ் வாங்கிய பலரும் சொல்லும் குறைதான் இது: புதுப் பெட்டி, நல்ல சிக்னல், ஆனால் போனோ டிவியோ வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டுவிட்டு மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புரியாமல் ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தால் முடியவே முடியாது.

ஒவ்வொரு மெஷ் பெட்டியும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில், குறைந்தது இரண்டு பேண்டுகளில் (அலைவரிசைப் பகுதிகளில்) ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்கக்கூடிய சேனல்கள், அதாவது பேண்டுக்குள் பிரித்த தடங்கள், மூன்றுதான்: 1, 6, 11. அந்த மூன்றையும் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், ப்ளூடூத் ஹெட்செட்டுகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018 அக்டோபரில் அந்தப் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அதனால் அங்கே ஒரு சேனலை 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைக்க முடிகிறது, 2.4-ல் வழக்கமாக 20தான். இரண்டு ஆன்டெனா உள்ள போன் ஒன்று வைஃபை 5 என்ற தலைமுறையின் முறையில் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்தால் இணைப்பு வேகம் 866 எம்பிபிஎஸ் வரை போகும். அதே போன் 2.4-ல், 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இணைந்தால் 144. நடைமுறையில் கைக்கு வருவது இதில் ஏறக்குறைய பாதி. பக்கத்து வீடுகளின் இரைச்சல் அதிகமாக இருந்தால் பாதிகூட வராது. எங்கள் வீட்டில் வந்த 31 இப்படி வந்ததுதான்.

அப்படியானால் எல்லாச் சாதனங்களும் 5-ஐத்தானே பிடிக்க வேண்டும்? இங்கேதான் பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர்மாறான உண்மை இருக்கிறது. எந்தப் பெட்டியில், எந்த பேண்டில் இணைவது என்று முடிவு செய்வது மெஷ் அல்ல, போன்தான். மெஷ் ஆலோசனை சொல்லலாம், கொஞ்சம் நெருக்கலாம். கடைசி வார்த்தை போனுடையது, லேப்டாப்புடையது, டிவியுடையது. வைஃபை அமைப்பு முதலிலிருந்தே இப்படித்தான். அதனால் மெஷ் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், அந்தச் சாதனம் இருக்கும் இடத்தில் அதற்கு என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொள்வதுதான் சரியான தொடக்கம்.

அதற்குத் தெரிவது சிக்னலின் பலம். இது டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 40 என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மைனஸ் 67 வரை நன்றாக ஓடும். மைனஸ் 80 தாண்டினால் திணறும். ஒரே பெட்டியிலிருந்து, ஒரே சக்தியில், ஒரே மாதிரி ஆன்டெனாவில் இரண்டு பேண்டுகளையும் அனுப்பினால்கூட 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஏறக்குறைய 7 டெசிபல் குறைவாகத்தான் வந்து சேரும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இது வெறும் திறந்தவெளிக் கணக்கு. நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரோ கான்கிரீட் தளமோ வந்தால் இடைவெளி இன்னும் பெருகும். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இரண்டு பேண்டுகளுக்குமே எதிரி. ஆகவே போனுக்கு எட்டும் இரண்டு சிக்னல்களில் 2.4 எப்போதும் பலமாகவே தெரியும். பலத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் சாதனம் 2.4-ஐ எடுப்பதில் வியப்பில்லை. மலிவான டிவி பெட்டிகளும் பழைய லேப்டாப்களும் பெரும்பாலும் அப்படித்தான். புதிய போன்கள் சேனல் அகலத்தையும் நெரிசலையும் சேர்த்துப் பார்க்கின்றன. அவை தொடக்கத்தில் 5-ஐத்தான் தேர்ந்தெடுக்கும்.

இனி இரண்டாவது விஷயம். முழுச் சிக்கலின் முடிச்சும் இதில்தான் இருக்கிறது. ஒருமுறை இணைந்துவிட்ட சாதனம், அந்த இணைப்பு மோசமாகும் வரை வேறு எதையும் தேடுவதில்லை. ஓயாமல் தேடிக்கொண்டிருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும், பேசிக்கொண்டிருக்கும் வீடியோ அழைப்பு தடுக்கும் என்பதால் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஐபோன் எப்போது தேடத் தொடங்கும் என்பதை ஆப்பிள் நிறுவனமே தன் ஆவணத்தில் சொல்லியிருக்கிறது: சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கும்போது. தேடிக் கண்டுபிடிக்கும் புதிய சிக்னலும், டேட்டா ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் குறைந்தது 8 டெசிபல், சும்மா இருக்கும் நேரத்தில் 12 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். மேக் கணினிக்கு அந்தக் கோடு மைனஸ் 75.

இதை எங்கள் மாடி அறையில் வைத்துப் பாருங்கள். போன் 2.4-ல் இணைந்திருக்கிறது, பெட்டி இரண்டடியில் இருப்பதால் சிக்னல் மைனஸ் 38. தேட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. சிக்னல் நன்றாக இருப்பதாலேயே அது நகராமல் நின்றுவிடுகிறது. தப்பித் தவறித் தேடினாலும், அதே பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 8 டெசிபல் கூடுதலாக இருக்க வழியில்லை. இயற்பியல்படி அது குறைவாகத்தான் இருக்கும். மகள் சொன்ன "ஃபுல் சிக்னல்" நல்ல செய்தி அல்ல, நோயின் அறிகுறி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சரி, அது முதலில் ஏன் 2.4-ல் இணைந்தது? புதிய போன்தானே? இதற்கு விடை கரன்டில் இருந்தது.

5 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் ஒரு பெரிய பகுதி ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுவது. 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் எண்ணிட்ட சேனல்கள் அதில் வரும். மழை, புயல் பார்க்கும் வானிலை ரேடார்கள் சில 5600 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே வேலை செய்கின்றன. அவற்றுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காகப் பல நாடுகளில் ஒரு விதி இருக்கிறது: இந்தச் சேனல்களில் ஒலிபரப்பத் தொடங்கும் முன் ரூட்டர் 60 விநாடி சும்மா இருந்து, ரேடார் சிக்னல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் 10 விநாடிக்குள் சேனலைக் காலி செய்துவிட்டு, 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. ஐரோப்பாவில் வானிலை ரேடார் சேனல்களுக்கு அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு பத்து நிமிடம். ரூட்டர்கள் இந்த விதிகளுக்கு ஏற்பத்தான் செய்யப்படுகின்றன.

எங்கள் மெஷ் தானாகவே 100ஆவது சேனலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. கரன்ட் போய் வரும்போதெல்லாம் மூன்று பெட்டிகளும் புதிதாக எழுந்திருக்கும். 2.4 உடனே வந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ மௌனமாக இருக்கும். வைஃபைக்காகக் காத்துக்கொண்டிருந்த போனும் டிவியும் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்த 2.4-ல் ஏறிக்கொள்ளும். ஏறிய பிறகு, மேலே சொன்ன காரணத்தால், இறங்காது. வைஃபையை அணைத்துப் போட்டால் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. அதனால்தான் அது அப்போதைக்குச் சரியானது. ரேடார் சேனல் இல்லாவிட்டாலும் இந்த வரிசைக் கோளாறு நடக்கலாம், ஆனால் அந்த 60 விநாடி அதை உறுதியாக்கிவிடுகிறது.

தீர்வு சுலபம். சேனலைக் கையால் வைக்க விடும் மெஷ் என்றால் 36ஐ வையுங்கள். 36 முதல் 48 வரை ரேடார் காத்திருப்பு இல்லை. 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் அதற்குள் சரியாக அடங்கும். 149 முதல் 161 வரையும் அப்படியே. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய சில சாதனங்களுக்கு 149க்கு மேல் இருப்பது தெரியாது. ஜப்பானில் அந்தச் சேனல்களை வைஃபைக்குத் தருவதில்லை என்பதால் அங்கே விற்பதற்கென்று செய்த கருவிகளில் இந்தக் குறை இருக்கக்கூடும். இதேபோல, ரேடார் சேனல்களைப் பார்க்கவே தெரியாத டிவி ஸ்டிக்குகளும் இருக்கின்றன. வீட்டில் எல்லாம் 5-ல் ஓட, ஒன்று மட்டும் என்ன செய்தாலும் 2.4-ஐ விட்டு நகரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சேனல் எண்ணைத்தான். சேனலைக் கையால் வைக்க விடாத மெஷ்களும் உண்டு. அங்கே 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அணைத்துவிட்டால் பெரும்பாலும் ரேடார் பகுதிக்குப் போக வேண்டிய கட்டாயம் நீங்கும்.

இன்னொரு காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் புது மெஷ்ஷையே கடைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். 2015, 2016 வாக்கில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் உள்ள இன்டெல் வைஃபை சிப், பழைய டிரைவரோடு (சிப்பை இயக்கும் மென்பொருளோடு) இருந்தால் அடுத்த தலைமுறையான வைஃபை 6 ஒலிபரப்பைக் கண்டுகொள்வதே இல்லை. பெயர் பட்டியலிலேயே வராது. சில ரூட்டர்களில் வைஃபை 6 என்பது 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும். அப்போது அந்த லேப்டாப்புக்கு 2.4 மட்டுமே தெரியும். டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று இன்டெல் நிறுவனமே அறிவித்திருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் வைஃபை கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் "பிரிஃபர்டு பேண்ட்" என்று ஒரு வரி பல கார்டுகளில் இருக்கும். அதை 5 என்று மாற்றலாம். எனக்குத் தெரிந்து, பேண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சாதனத்தின் பக்கமிருந்தே நமக்குத் தரும் வெகுசில இடங்களில் இது ஒன்று.

எந்த பேண்டில் இருக்கிறோம் என்று பார்ப்பது எப்படி? ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயரின் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தொட்டால் அலைவரிசையும் இணைப்பு வேகமும் பெரும்பாலும் தெரியும். விண்டோஸில் வைஃபை ப்ராபர்டீஸ் பக்கத்தில் பேண்டும் சேனலும் இருக்கின்றன. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை படத்தைத் தட்டினால் எல்லாம் வரும். ஐபோனின் செட்டிங்ஸில் பேண்டைத் தேடினால் கிடைக்காது. அதற்கு மெஷ் ஆப்பில் அந்த போனின் பெயரைத் தட்டிப் பார்ப்பதே எளிது. அங்கே எந்தப் பெட்டியில் இணைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாடியில் இருக்கும் போன், மாடிப் பெட்டியை விட்டுவிட்டு கீழ்ப் பெட்டியின் 2.4-ல் தொங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. ஹாலில் இணைந்து, கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்திருக்கும், 2.4 தளத்தைத் துளைத்து வந்ததால் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

மெஷ் நிறுவனங்கள் இதற்கு ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கின்றன. பேண்ட் ஸ்டீயரிங் என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்களே, அதுதான். அதில் இரண்டு வழி. ஒன்று, 5-ம் தெரிந்த போன் 2.4-ல் கதவைத் தட்டினால் சிறிது நேரம் பதில் சொல்லாமல் இருப்பது. மற்றது, 802.11வி என்ற முறைப்படி, "நீ அங்கே போனால் நல்லது" என்று போனுக்குச் செய்தி அனுப்புவது. போன் அதைக் கேட்கலாம், மறுக்கலாம். கேட்காத சாதனத்தைச் சில மெஷ்கள் வலிந்து துண்டித்துவிடும். புதிய போன் உடனே வேறு பேண்டில் வந்துவிடும். பழைய பிரின்டரோ கேமராவோ அப்படியே விழுந்து கிடக்கும். ஆகவே பேண்ட் ஸ்டீயரிங்கை முழுதாக நம்பவும் முடியாது, அளவுக்கு மீறி முடுக்கிவிடவும் கூடாது. ஃபாஸ்ட் ரோமிங் என்ற 802.11ஆர் வசதியும் இப்படித்தான். புதிய போன்களுக்கு நல்லது. ஏதாவது பழைய சாதனம் அடிக்கடி அறுந்துபோனால் முதலில் அதை அணைத்துப் பார்க்க வேண்டும்.

2.4 பேண்டின் சக்தியைக் குறைக்கும் வசதி இருந்தால் நான் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். பலர் இதைத் தொடுவதே இல்லை. ஒலிபரப்பு சக்தியை "ஹை"யிலிருந்து "மீடியம்" அல்லது "லோ" ஆக்கினால் அந்த 7 டெசிபல் முன்னிலை கரைந்துபோகும். பலத்தைப் பார்த்து முடிவெடுக்கும் சாதனமும் 5 பக்கம் திரும்பும். மூன்று பெட்டிகள் உள்ள வீட்டில் 2.4 தெருமுனை வரை எட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் சாதனத்துக்கும் பெட்டிக்கும் இடையே. மெஷ்ஷில் இன்னொரு இடமும் இருக்கிறது. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு. போன் 5-ல்தான் இருக்கிறது, இணைப்பு வேகம் 866 என்று காட்டுகிறது, ஆனாலும் ஸ்பீடு டெஸ்டில் 25 வந்தால், மாடிப் பெட்டியே கீழ்ப் பெட்டியோடு 2.4-ல் இணைந்திருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ்களில் 5 எட்டாதபோது இப்படி நடக்கும். இதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். சிக்னல் வராத அறைக்குள் கொண்டுபோய்ப் பெட்டியை வைக்கிறோம். சிக்னலே வராத இடத்தில் அந்தப் பெட்டிக்கு மட்டும் எங்கிருந்து வரும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். கான்கிரீட் தளத்தைத் துளைத்து ஏறுவதைவிட மாடிப்படியின் திறப்பு வழியாக 5 கிகாஹெர்ட்ஸ் சுலபமாக ஏறும். படி திரும்பும் இடத்தில் ஒரு பெட்டியை வைத்ததும் எங்கள் மாடி இணைப்பு 2.4-க்கு விழுவது நின்றது. வீடு கட்டும்போதே ஒரு லேன் கேபிள் மேலே இழுத்துவிட்டவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. இப்போது கட்டுகிறவர்கள் அந்த ஒரு பைப்பை மட்டும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

பேண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துவிடலாமே என்பது பலர் தரும் யோசனை. வேலை செய்யும். கூகுள், ஈரோ போன்ற சில மெஷ்களில் அதற்கு வழியில்லை. வழியிருக்கும் மெஷ்ஷிலும் எனக்கு அது கடைசி யோசனைதான். 5-க்கு மட்டும் பெயர் வைத்த போன், தோட்டத்துப் பக்கம் போனதும் இணைப்பை இழந்து மொபைல் டேட்டாவைத் தின்னத் தொடங்கும். அதைவிட, வீட்டு மனிதர்கள் பயன்படுத்துவதற்கு ஒரே பெயர், சின்னச் சின்னக் கருவிகளுக்கு 2.4-ல் மட்டும் இன்னொரு பெயர் என்று வைப்பது நல்லது. பல மெஷ்களில் ஐஓடி நெட்வொர்க் என்று இதற்கென்றே இருக்கிறது.

நாங்கள் கடைசியில் செய்தவை இவை. சேனலை 36-ல் நிறுத்தினோம். 2.4-ன் சக்தியைக் குறைத்தோம். கரன்ட் போனாலும் பெட்டிகள் அணையாமல் இருக்க 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைக் கீழ்ப் பெட்டிக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து மாட்டினோம். மாடிப் பெட்டிகள் இன்வெர்ட்டர் லைனுக்கு மாறின. மகளின் போன் அதற்குப் பிறகு 2.4 பக்கம் போகவில்லை. டிவி மட்டும் எப்போதாவது போகிறது. 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் போதும் என்பதால், படம் நிற்காதவரை அதை நான் துரத்துவதில்லை. ஹீட்டருக்குப் போட்ட ஸ்மார்ட் ப்ளக், மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் காட்டும் சென்சார், வாசல் கேமரா மூன்றுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. அவை 2.4-ல்தான் இருக்கின்றன, அங்கேதான் இருக்க வேண்டும்.